போட்டோகிராபி படிக்கிற பெண்ணிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கோவில்பட்டியில் அப்பாவுக்கு ஒரு ஸ்டூடியோ. நான் சென்னையில் போட்டோகிராபி படிக்கிறேன், மூன்றாம் வருடம். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள், விடுதியில் ஜூனியர்கள், தெருவில் முன்பின் தெரியாதவர்கள் என்று எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளைத்தான். ஒவ்வொரு தடவையும் வாய் வலிக்கச் சொல்வானேன் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

போட்டோ எடுக்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?

பெரியப்பா கேட்டது. "உங்கப்பன் எந்தக் காலேஜுல படிச்சான்?" என்று சேர்த்தும் கேட்டார். நியாயம்தான். அப்பா பதினாறு வயதில் ஒரு ஸ்டூடியோவில் இருட்டறைப் பையனாகச் சேர்ந்து, டிரே கழுவி, நெகட்டிவ் காயப்போட்டுத் தொழில் கற்றவர்.

எங்களுக்கும் கேமராவைக் கையாளச் சொல்லிக்கொடுப்பது முதல் இரண்டு மாதத்தோடு முடிந்துவிட்டது. மீதியெல்லாம் படம் பார்க்கப் பழகுவதுதான். திங்கட்கிழமைதோறும் ஆளுக்கு ஐந்து பிரிண்ட் சுவரில் குத்தி வைக்க வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா" என்று கதை சொல்லி ஒரு படத்தைக் காப்பாற்ற முடியாது என்பது அந்தச் சுவருக்கு முன்னால் நின்றால்தான் உறைக்கும். முதல் செமஸ்டரில் நாலு திங்கட்கிழமை அழுதேன். ஐந்தாவது திங்கள் பசிதான் எடுத்தது.

என்ன கேமரா வாங்கலாம்?

கையில் இருக்கிற பணத்தில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மிச்சப் பாதிக்கு என்ன கிடைக்கிறதோ அது. எடுத்து வைத்த பாதி பிரிண்டுக்கும் பஸ்ஸுக்கும் வேண்டும். என்னுடையது பழைய டிஎஸ்எல்ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸும், தனியாக வாங்கிய 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸும்தான் சொத்து.

அந்த 50-ஐ ஏன் எல்லோரும் சொல்கிறார்கள் என்றால், கிட் லென்ஸை 50-இல் வைத்தால் அது எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). 1.8-க்குத் திறந்தால் ஒன்பது மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வரும். விடிகாலை, டியூப்லைட் கூடம், கோயில் வாசல் எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் சின்ன சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) கேமராவில் அது 75, 80 எம்எம் போல, காட்சியை இன்னும் கிட்டத்தில் இழுத்துத்தான் காட்டும். சின்ன அறையில் முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் போக வேண்டியிருக்கும்.

பழைய கேமரா வாங்கப் போனால் ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் ஃபோன் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. கடைக்காரர் "அது தூசிம்மா" என்பார். தூசிக்குக் கிளை இருக்காது.

ஃபோனிலேயே எடுத்தால் ஆகாதா?

ஆகும். என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு வருடமாக ஃபோனில்தான் எடுக்கிறான். அவன் படங்கள்தான் சுவரில் அதிக நேரம் நிற்கின்றன.

தினமும் எடுப்பாயா? எத்தனை எடுப்பாய்?

தினமும் எடுப்பேன். 36-க்கு மேல் எடுக்க மாட்டேன். ஒரு பிலிம் ரோலில் அவ்வளவுதான் இருக்கும். டிஜிட்டலிலும் அந்தக் கணக்கை நானாக வைத்துக்கொண்டேன். முதல் வருடம் ஒரே காலையில் நானூறு எடுத்துவிட்டு வந்து, எதையும் முழுசாகப் பார்க்காமல் தூங்கிப்போவேன். 36 என்று வைத்த பிறகு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே "இது வேண்டுமா?" என்று கை கேட்கிறது.

சாயங்காலம் ஒரு அன்ரூல்டு நோட்டில் நாலு வரி எழுதுவேன். எடுத்ததைப் பற்றி எழுதுவதில்லை, எடுக்காமல் விட்டதைப் பற்றி. "ராயபுரம் பஸ் ஸ்டாப். தூங்குகிற கண்டக்டர், கையில் சில்லறைப் பை. கேட்கக் கூச்சமாக இருந்தது." இப்படி. இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. எடுத்த படங்களைவிட அந்த நோட்டுகள் எனக்குப் பிடித்திருக்கின்றன என்று சாரிடம் சொன்னால் மார்க் போய்விடும்.

எப்போதும் காசிமேட்டுக்கே ஏன் போகிறாய்?

முதல் வருடம் ஒரு அசைன்மென்ட்: ஒரே இடம், நூறு நாள். எனக்குக் கடலே புதுசு, கரிசல் காட்டில் பிறந்தவளுக்கு. அதனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பிடித்துக்கொண்டேன். ஏலம் விடிவதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடும். முதல் வாரம் எடுத்ததையெல்லாம் இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. சூரியனுக்கு முன்னால் படகு, கூடை சுமக்கும் நிழல், சுருக்கம் விழுந்த கை, வஞ்சிரத்தின் கண். எல்லாம் காலண்டர்.

மூன்றாவது வாரம், மீன் வெட்டுகிற ஒரு அக்கா கத்தியைக் கட்டையில் குத்திவிட்டு நிமிர்ந்தார். "இன்னாமா, டெய்லி வந்து எங்க மூஞ்சிய எட்த்துனு போற. போயி இன்னா பண்ற? ஒரு போட்டோ குட்த்தியா?" என்றார்.

பதில் இல்லை. அடுத்த வாரம் பதினொரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். அக்காவின் படம், நானே மெச்சிக்கொண்ட படம்: பக்கவாட்டு வெளிச்சம், நெற்றியில் செதில் ஒட்டி மின்னும், கண் கீழே மீனில். அதைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, "இந்த அழுக்குப் பொடவையோடயா எட்த்த?" என்று பக்கத்துக் கடை ஆயாவிடம் காட்டினார். ஆயா தன் படத்தை ஏற்கெனவே இடுப்பில் செருகியிருந்தார், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெயம மத்தியானம் வா" என்றார் அக்கா. போனேன். தலைக்குக் குளித்து, பூ வைத்து, அரக்குப் பட்டுப் புடவையில் நின்றார். கணவர் வேலை பார்க்கும் விசைப்படகுக்கு முன்னால், இரண்டு கையும் பக்கத்தில் தொங்க, நேராகக் கேமராவைப் பார்த்து. உச்சி வெயில். நான் "கொஞ்சம் திரும்புங்கக்கா, சும்மா பேசிட்டே இருங்க" என்றேன். "நீ எடு" என்றார். எடுத்தேன். அப்பாவின் ஸ்டூடியோவில் பின்னால் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை தொங்க, நிமிர்ந்து நின்று எடுத்துக்கொள்வார்களே, அச்சு அசல் அதே படம். அதிலிருந்து தப்பித்து ஓடத்தான் நான் சென்னைக்கே வந்தேன்.

திங்கட்கிழமை சுவரில் இரண்டையும் வைத்தேன். செதில் படத்துக்கு நல்ல பேர். படகுப் படத்தை "இது ஸ்டூடியோ போட்டோ மாதிரி இருக்கு" என்று ஒருத்தி தள்ளிவிட்டாள். திட்டாகத்தான் சொன்னாள். ஒரு வருடம் கழித்து எனக்கு அந்தப் படகுப் படம்தான் நிற்கிறது. செதில் படத்தில் இருப்பது நான் அக்காவைப் பற்றி நினைத்தது. படகுப் படத்தில் எதை உடுத்துவது, எங்கே நிற்பது, எதைப் பின்னால் வைப்பது என்று ஒவ்வொன்றையும் முடிவு செய்தது அக்கா. நான் பொத்தானை மட்டும் அழுத்தினேன். அந்தப் படம் இன்று அவர் வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது.

நூறு நாள் முடிந்து வெகுநாளாகிறது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படம் எடுப்பவர்கள் யாரும் அப்போது வரமாட்டார்கள். வலை பின்னுவது, படகைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, சீட்டாட்டம், கடன் கேட்டு வருகிறவர்களோடு வாய்த்தகராறு என்று அந்த இரண்டு மாதமும் எனக்கு நல்ல அறுவடை.

கேட்காமல் எடுக்கலாமா?

தெருவில் நின்று எடுப்பதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. கோயில் கருவறைப் பக்கம், ராணுவ இடங்கள், தடை போர்டு மாட்டிய இடங்கள் வேறு. அது சட்டம் சார்ந்த பதில். என் பதில்: முதலில் எடுத்தாலும் பிறகு கேட்டுவிடு, வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அழித்துவிடு, சரி என்றால் பிரிண்ட் கொண்டுபோய்க் கொடு. "வாட்ஸ்அப்பில் அனுப்புறேன்" என்பது கொடுத்ததாக ஆகாது. ஃபோன் தண்ணீரில் விழும், படமும் கூடவே போகும். நாலுக்கு ஆறு மேட் பிரிண்ட் ஒன்றுக்கு ஆகிற செலவு ஒரு டீ, ஒரு வடைதான்.

குழந்தைகளைக் கேட்காமல் எடுப்பதில்லை. பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்பேன். குடித்துவிட்டுக் கிடப்பவர்களை எடுப்பதே இல்லை. அது படம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

இந்த வெயிலில் எப்படி எடுக்கிறாய்?

சூரியன் உதித்ததும், மறைவதற்கு முன்பும் வரும் வெளிச்சத்தை வெளிநாட்டு வீடியோக்களில் "பொன்னான ஒரு மணி நேரம்" என்பார்கள். அந்த ஊர்களில் சூரியன் சாய்வாக ஏறும், பொறுமையாக நிற்கும். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில்தான் இருக்கிறது. சூரியன் தென்னை மரம் ஏறுகிற மாதிரி நேராக மேலே போய்விடும். நல்ல வெளிச்சம் அரை மணி நேரம் நின்றால் அதிர்ஷ்டம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் ஒரு நாள் மத்தியானம் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து, விளக்குக் கம்பத்துக்கே நிழல் இருக்காது. அந்த நேரத்தில் முகத்தை எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான்.

வழி என்ன? தகரக் கூரையின் ஓரம். உள்ளே இருட்டு, வெளியே வெயில், நடுவில் ஒரு அடி அகலத்துக்கு மெத்தென்று ஒரு வெளிச்சம் இருக்கும், அங்கே ஆளை நிறுத்துங்கள். ஈரத் தரை இருந்தால் கீழிருந்து வெளிச்சம் எகிறும். காசிமேட்டில் ஐஸ் குவியல் பக்கத்தில் நிற்பவர்கள் முகம் தனியாக ஒளிரும். காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டரைவிட அது நன்றாக வேலை செய்கிறது. ஊரில் அப்பா தெர்மாகோல் அட்டை வைத்திருக்கிறார், அதே வேலை.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: சுத்தமான வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100 என்றால் ஷட்டர் நூறில் ஒரு பங்கு நொடி. வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாத காலத்து விதி, இன்றும் பொய்க்கவில்லை.

கறுப்பா இருக்கிறவங்களை எடுத்தா ஏன் கரியாக வருது?

இதைக் கேட்டது என் அத்தை மகள், கல்யாண ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு. கேமராவின் மீட்டருக்கு மனிதர்கள் தெரியாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி, பின்னால் வானம் என்றால் அது மிரண்டு வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாகும். முகத்தில் மட்டும் ஸ்பாட் மீட்டர் வைத்தால் கறுப்பையும் சாம்பலாக வெளுக்கப் பார்க்கும்; அதனால் அது சொல்வதிலிருந்து ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைத்து எடுத்தால் தோல் தோலாக வரும். வேட்டி கொஞ்சம் வெளுத்துப்போனால் போகட்டும், கல்யாணத்துக்கு வந்தது வேட்டியா?

இது கேமராவின் குற்றம் மட்டுமல்ல. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டைகளில் பல வருடங்கள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள்தான். "ஷெர்லி அட்டை" என்று பேர். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். நம் பங்குக்கு நாமும் சும்மா இல்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் கலர் தூக்கிப் போடுங்க" என்று கேட்காத வாடிக்கையாளரை நான் ஸ்டூடியோவில் பார்த்ததில்லை. அப்பா அந்தக் காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சிலால் செய்ததை இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார். ஒருமுறை என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படத்துக்கும் தூக்கிவிட்டார். பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் படத்தையும் என்னையும் இரண்டு தடவை பார்த்தார். அதற்கப்புறம் அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

மேலே படகுப் படத்தில் அக்கா சொன்னபடி எடுத்தேன் என்று பெருமையாக எழுதினேனே, கலர் தூக்கச் சொன்னால் செய்வாயா என்று ஒரு ஜூனியர் மடக்கினாள். செய்ய மாட்டேன். அது எப்படி ஒத்துப்போகும் என்றால், ஒத்துப்போகவில்லைதான்.

பிலிம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே செய்தார்கள். 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், "இந்து" (Indu) என்ற பேரில் கறுப்பு வெள்ளை பிலிம். அந்த இடத்துக்கே இந்து நகர் என்றுதான் பேர். தொழிற்சாலை மூடியாகிவிட்டது. அப்பாவின் அலமாரியில் ஒரு காலி இந்து பெட்டி இருக்கிறது, அதில் குண்டூசி போட்டு வைத்திருக்கிறார்.

ரோல் கழுவுவதை நானே விடுதியில் செய்கிறேன். புத்தகமெல்லாம் 20 டிகிரி தண்ணீர் என்று சொல்லும். மே மாதம் சென்னைக் குழாயில் 30-க்கு மேல் வரும். சூடு ஏறினால் டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) வேகமாக வேலை செய்யும், நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். அதனால் அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, அதற்குள் பாட்டில்களை நிற்கவைத்து, தெர்மாமீட்டரோடு காவல். ஐஸ் எங்கிருந்து? காசிமேட்டிலிருந்துதான். ஒரு ரோல் முழுக்க லேசாக மீன் வாடை அடிக்கிறது என்று ரூம்மேட் சத்தியம் செய்கிறாள்.

உப்புக்காற்றில் கேமரா கெடாதா?

கெடும். முதல் வருடம் என் கிட் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. துறைமுகத்திலிருந்து வந்ததும் லேசாக ஈரம் பண்ணிப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடையுங்கள். உப்பு காய்ந்துபோனால் கீறும். அதன் பிறகு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதம் இருந்தால் நல்லது. லென்ஸோடு வந்த தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள், பூஞ்சைக்கு அது மாமியார் வீடு. அரிசியில் புதைக்கச் சொல்வார்கள். அரிசித் தூசி உள்ளே போனால் அப்புறம் பொங்கல்தான்.

ராவா, ஜேபெக்கா?

ரா, அதாவது சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு. கார்டு நிறையப் போகிறதென்றால் ஜேபெக், அது சுருக்கிய கோப்பு.

யார் படங்களைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் சொல்லும் பேர்களை எல்லோரும் சொல்வார்கள். நான் மூன்று மட்டும் சொல்கிறேன்.

லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. 1858-இல் மதுரை, தஞ்சாவூர் எல்லாம் பெரிய பெட்டிக் கேமராவோடு சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். இன்று ஃபோனைச் சுழற்றிச் செய்வதை அவர் தஞ்சை வெயிலில் கூடாரத்துக்குள் ரசாயனத்தோடு செய்தார். நெகட்டிவில் வெளுத்துப்போன வானத்துக்கு அவரே தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார் என்று படித்தபோது அப்பாவின் பென்சில்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

ஹோமாய் வியாரவல்லா. 1913-இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, சைக்கிளில் கனத்த கேமராவோடு டெல்லி முழுக்கச் சுற்றியவர். காந்தியின் இறுதி ஊர்வலத்தை எடுத்தவர். "பொம்பளைப் பிள்ள கேமராவத் தூக்கிட்டு விடியக்காலம் எங்க போகுது" என்று கேட்கிற அத்தைகளுக்கு அவர் படத்தைக் காட்டுவேன்.

கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக்காரர். எதற்கென்றால், 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார், ரமணரின் கடைசி நாட்களை எடுத்தார். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்த நேரத்தில் வானத்தில் ஒரு ஒளி மெல்ல நகர்ந்துபோனதைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். சரியான நொடியைப் பிடிப்பதற்கென்றே பேர் வாங்கியவர் அதைப் படமெடுக்கவில்லை, அண்ணாந்து பார்த்திருக்கிறார். என் நோட்டில் அவருக்கு ஒரு பக்கம் உண்டு.

கல்யாண ஆர்டருக்குப் போவாயா?

போவேன். ஃபீஸ் யார் கட்டுவது? முகூர்த்த மாதங்களில் ஒரு அண்ணனோடு செகண்ட் கேமராவாகப் போகிறேன். தாலி கட்டும்போது மேடையில் வீடியோக்காரர், நாதஸ்வரம், மாமா மூன்று பேரின் முதுகு. மின்னல் மாதிரி கை ஓட வேண்டும். அங்கே கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் ஆசிரியர் எடுத்தவர்தான். ஆனால் ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கவைத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர். ஆகவே மணப்பெண் படத்தை உங்கள் இணையப் பக்கத்தில் போட வேண்டுமென்றால் முதலிலேயே எழுதி வாங்குங்கள். எனக்கு ஒரு தடவை ராத்திரி பதினோரு மணிக்குப் பெண்ணின் அண்ணன் போன் செய்த பிறகுதான் இந்தப் பிரிவைப் படித்தேன்.

அப்பா உன் படங்களைப் பார்த்தாரா?

போன தீபாவளிக்குக் காசிமேட்டுப் பிரிண்டுகளை எடுத்துப்போனேன். வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார். படகு அக்காவில் நின்றார். "பாப்பா, இவங்களே வந்து நின்னாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

அப்புறம் நான் கேட்காமலேயே சாவு வீட்டுப் படங்களைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கம், வீட்டில் ஒருவர் போய்விட்டால் ஸ்டூடியோக்காரருக்கு ஆள் வரும். உயிரோடு இருந்தபோது ஒரு படம்கூட எடுக்காதவரை, இறந்த அன்று நாற்காலியில் சாய்த்துவைத்து, துண்டு போர்த்தி, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும். அப்பா அதைக் கழுவி, மூடிய கண்களைத் திறந்தபடி பிரஷ்ஷால் வரைந்து கொடுப்பார். யார் கண் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மூத்த மகனை எதிர்ல உக்கார வச்சு அவன் கண்ணப் பாத்து வரைவேன். அப்பன் கண்ணு அங்க இருக்கும்" என்றார். அவர் எடுத்த எந்தப் படத்தைவிடவும் அதற்குத்தான் தேடி வருவார்களாம்.

ஒரு நாள் உன்னோடு வரலாமா?

ஞாயிறு வேண்டாம், மீன் வாங்குகிற கூட்டத்தில் கால் வைக்க முடியாது. புதன் அல்லது வியாழன். ராயபுரம் பாலத்துக்குக் கீழே காலை நாலரைக்கு நிற்பேன், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள், நல்ல ஷூ என்றால் அன்றோடு சரி. டிரைபாட் வேண்டாம், யாராவது கூடையோடு தடுக்கி விழுவார்கள். முதல் நாள் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். கையில் காசு இருந்தால் அக்காவிடம் அரைக் கிலோ சங்கரா வாங்குங்கள், வெட்டித் தருவார். விலை பேசாதீர்கள், நான் பேசிக்கொள்கிறேன்.